புல்வெளியின் வயது: நீலகிரிச் சதுப்பிலுள்ள மகரந்தம் தரும் விடை

1938-ஆம் ஆண்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் நீலகிரியின் தாவரங்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டும் ஒரே நிலத்தை ஆராய்ந்து எதிரெதிரான முடிவுக்கு வந்தவை. உதகமண்டலத்தைச் சுற்றி 2,000 மீட்டருக்கு மேலே மலைச்சரிவுகள் புல்லால் மூடிக் கிடக்கும். நீரோடும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைகள் இருக்கும். சோலை முடியும் இடத்தில் சட்டென்று புல் தொடங்கிவிடும். சரிவுகளில் ஏன் மரமில்லை என்பதுதான் கேள்வி.

வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் உறைபனியைக் காரணமாகச் சொன்னார். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் விழும் பனியில் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. ஆகவே சரிவுகளில் புல்லே இயல்பான தாவரம் என்பது அவர் முடிவு. புல்லின ஆய்வாளர் என்.எல். போர் இதை ஏற்கவில்லை. மனிதர் வைத்த நெருப்பும் கால்நடை மேய்ச்சலும் காட்டை அழித்ததால் வந்ததே இந்தப் புல்வெளி என்றார் அவர். நெருப்பும் மேய்ச்சலும் நின்றால் காடு திரும்பும் என்பது அந்த வாதத்தின் உட்பொருள்.

ஏட்டோடு நின்றுவிடக்கூடிய விவாதமல்ல இது. போர் சொன்னது சரியென்றால் புல்வெளியில் மரம் நடுவது இழந்த காட்டை மீட்கும் பணி. ரங்கநாதன் சொன்னது சரியென்றால் அதே மரம் நடுதல் ஓர் இயற்கை வாழிடத்தை அழிக்கும் செயல். இருவருமே தம் கண்முன் இருந்த நிலத்தைத்தான் பார்க்க முடிந்தது. தேவைப்பட்டதோ, மனிதர் குடியேறுவதற்கு முன் அங்கே என்ன வளர்ந்தது என்ற செய்தி. அது மலைப் பள்ளங்களின் சதுப்பு மண்ணில் மகரந்தமாகப் பாதுகாப்பாக இருந்தது. அந்தச் செய்தியை எப்படி வாசித்தார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அழியாத மேலுறை

பூக்கும் தாவரம் ஒவ்வொன்றும் தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மகரந்தத்தை உற்பத்தி செய்கிறது. அதில் மிகச் சிறு பங்கே சூல்முடியை அடையும். மிச்சமெல்லாம் காற்றிலும் நீரிலும் போய் எங்கோ படிகிறது. ஒரு துகளின் அளவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் அழிந்துபோகிறது. வெளியுறை அழிவதில்லை. அது ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆனது. உயிரினங்கள் உருவாக்கும் பொருள்களிலேயே மிகவும் உறுதியானவற்றுள் ஒன்று அது. கடுமையான அமிலங்களையும் காரங்களையும் தாங்கும்.

அந்த உறையின் வடிவம் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடுகிறது. புல் மகரந்தம் உருண்டையானது, ஒரே ஒரு துளை கொண்டது. பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப் பைகள் உண்டு. சீகை மரத்தின் மகரந்தத் துகள்கள் பதினாறு சேர்ந்து ஒரே கொத்தாக உதிரும். முள், வலைப்பின்னல், வரிப்பள்ளம் என்று உறையின் மேற்பரப்பில் உள்ள வேலைப்பாட்டை நுண்ணோக்கியில் பார்த்துக் குடும்பத்தையும், பல சமயம் பேரினத்தையும் சொல்லிவிடலாம்.

இப்படி அடையாளம் கண்டு, ஒவ்வோர் அடுக்கிலும் எந்தத் தாவரத்தின் மகரந்தம் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி, ஆழத்துக்கு எதிராக வரைந்து காட்டினால் தாவர வரலாறு தெரியும் என்று நிறுவியவர் ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட். இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் 1916-ல் அவர் நிகழ்த்திய உரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் வரைந்த மகரந்த வரைபடத்தின் அமைப்பு நூறாண்டு கடந்தும் அடிப்படையில் மாறவில்லை.

எங்கே தேடுவது

மகரந்த உறைக்கு ஒரு பகை உண்டு: ஆக்சிஜன். ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும் மண்ணில் காற்று புகுந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் உறையைத் தின்றுவிடும். எப்போதும் நீர் தேங்கி, அடியில் காற்றுப் புகாமல் இருக்கும் ஏரியின் அடிச்சேறும் சதுப்பும்தான் அதைக் காக்கும். தமிழகத்துச் சமவெளி ஏரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தும் இந்த ஆய்வுக்கு அவ்வளவாக உதவாததற்குக் காரணம் இதுவே. அவை கோடையில் வற்றி, அடிமண் வெடித்து, அடுக்குகள் கலந்துபோகின்றன. தூர்வாரும்போது பழைய அடுக்கே வெளியேறிவிடுகிறது.

நீலகிரியின் உயர் பள்ளத்தாக்குகள் வேறு மாதிரியானவை. குளிர்ச்சியும் ஓயாத நீர்க்கசிவும் சேர்ந்து அங்கே செத்த செடிகளை முழுவதும் மக்கவிடுவதில்லை. கோரையும் புல்லும் பாதி மக்கிய நிலையில் ஆண்டுதோறும் படிந்து கறுத்த பீட் மண்ணாகின்றன. உதகைக்கு அருகே ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இத்தகைய படிவு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது.

படிவின் பரப்பும் முக்கியம். சிறு குட்டையில் விழும் மகரந்தம் பெரும்பாலும் சுற்றியுள்ள சில நூறு மீட்டரிலிருந்து வருவது. அகன்ற ஏரியில் விழுவதோ பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் வருவது. எனவே எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதற்கேற்ற படிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேற்றிலிருந்து வரைபடம் வரை

உள்ளே உந்துதண்டு பொருத்திய குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்கு குலையாமல் மண்தண்டு ஒன்றை வெளியே எடுப்பார்கள். டேனியல் லிவிங்ஸ்டன் 1955-ல் விவரித்த கருவியின் பல வடிவங்கள் இன்றும் ஏரிகளில் பயன்படுகின்றன. தண்டை நீளவாக்கில் பிளந்து, சில சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி என்று வெட்டுவார்கள். மக்கிய கரிமப் பொருளைக் காரத்தில் கரைப்பது, மணலையும் களிமண்ணையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைப்பது, மிஞ்சிய செல்லுலோஸை அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்த கரைசலால் நீக்குவது என்று வேலை படிப்படியாக நடக்கும். இந்தக் கடைசிப் படியை உருவாக்கியவர் ஸ்வீடனின் குன்னர் எர்ட்மன். எல்லாவற்றையும் தாங்கி எஞ்சுவது மகரந்த உறை.

பிறகு கண்ணாடித் தகட்டில் பரப்பி எண்ண வேண்டும். ஒரு மாதிரிக்கு முந்நூறு முதல் ஐந்நூறு துகள் வரை எண்ணுவது வழக்கம். எண்ணிக்கை தெரிந்த அயல் வித்துகளை முன்கூட்டியே மாதிரியில் கலந்துவிடுவார்கள். எண்ணும்போது அவற்றில் எத்தனை தென்படுகின்றன என்பதைக் கொண்டு, ஒரு கன சென்டிமீட்டர் மண்ணில் மொத்தம் எவ்வளவு மகரந்தம் இருந்தது என்று கணக்கிடலாம்.

அடையாளம் காண ஒப்பீடு வேண்டும். ஐரோப்பிய மரங்களுக்கான குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் மகரந்தத்தை வாசிக்க முடியாது. இங்குள்ள இனங்களின் எண்ணிக்கை பல மடங்கு. இந்தக் குறையைத் தீர்த்ததில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மகரந்த ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1960-ல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத் தகடுகள் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்துள்ளன. அந்தத் தொகுப்பை வளர்த்த தமிழர் கணபதி தணிகைமணி. மகரந்த அமைப்பு பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளுக்கு அவர் தயாரித்த அட்டவணைத் தொகுதிகள் இத்துறையின் அடிப்படை நூல்களாயின. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது கொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். நாற்பத்தெட்டு வயதில் நிகழ்ந்த அந்த மரணம் இந்தியத் தாவரவியலுக்குப் பேரிழப்பு.

எண்ணிக்கையை அப்படியே நம்பலாமா

ஓர் அடுக்கில் நூற்றுக்கு அறுபது புல் மகரந்தம் என்றால், நிலத்தில் நூற்றுக்கு அறுபது புல் இருந்தது என்று பொருளாகாது. காற்றின் வழி மகரந்தச் சேர்க்கை நடக்கும் புல்லும் பைனும் மகரந்தத்தை அள்ளி இறைக்கின்றன. தேனீயையும் பறவையையும் நம்பியிருக்கும் மரங்கள் சிக்கனமானவை. சதுப்பிலேயே வளரும் கோரை தன் மகரந்தத்தை நேராக அங்கேயே கொட்டுவதால், சுற்றுப்புறத் தாவரங்களைக் கணக்கிடும்போது அதைப் பெரும்பாலும் மொத்தத்திலிருந்து விலக்கிவிடுவார்கள்.

நீலகிரியில் இன்னொரு சிக்கல். சோலைகளில் மிகுந்திருக்கும் குடும்பங்களுள் ஒன்று இலவங்கப்பட்டையின் குடும்பமான லாரேசி. அதன் மகரந்த உறை மிக மெல்லியது, ஸ்போரோபொலெனின் குறைவு. படிவில் அது ஏறக்குறைய எஞ்சுவதே இல்லை. ஆக, சோலை நிறைந்திருந்த காலத்திலும் சதுப்பு மண் அதைக் குறைத்தே காட்டும். நாவல் இனங்கள், காட்டுப் பூவரசு போன்றவற்றின் மகரந்தத்தைக் கொண்டுதான் சோலையின் இருப்பை ஊகிக்க வேண்டும்.

இந்தச் சாய்வுகளைத் திருத்த ஒரே வழி, இன்றைய நிலத்தைக் கொண்டு அளவுகோல் செய்வது. வெவ்வேறு உயரங்களிலும் மழையளவுகளிலும் உள்ள காடுகளின் மேல்மண்ணை எடுத்து, அதில் இன்று விழும் மகரந்தத்தையும் அங்கே இன்று நிற்கும் மரங்களையும் ஒப்பிட வேண்டும். ரேமோன் போன்னஃபீயும் அவருடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்த வேலையைச் செய்து 1999-லும் அதை அடுத்தும் வெளியிட்டார்கள். மழைக்கும் மகரந்த விகிதத்துக்கும் உள்ள தொடர்பு அதனால் எண்களில் கிடைத்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து காலக் கணிப்பில் இருக்கிறது. அதற்கு ராஜஸ்தான் ஏரிகளே பாடம். குர்தீப் சிங் என்பவர் சாம்பர், டீட்வானா, லூண்கரன்சர் ஆகிய உப்பேரிகளின் படிவுகளில் மகரந்தத்தை ஆராய்ந்தார். இன்று பாலையாக இருக்கும் நிலத்தில் ஒரு காலத்தில் நல்ல மழையும் செழித்த தாவரமும் இருந்ததை அவர் காட்டினார். அது இன்றும் நிற்கும் கண்டுபிடிப்பு. அந்த ஈரமான காலத்தை ஹரப்பா நகரங்களின் எழுச்சியோடும், வறட்சியை அவற்றின் வீழ்ச்சியோடும் 1971-ல் இணைத்தார். பல பாடநூல்கள் வரை அந்த விளக்கம் பரவியது. 1999-ல் யெஹுதா என்ஸெல் குழுவினர் லூண்கரன்சர் படிவை நெருக்கமான ரேடியோகார்பன் தேதிகளுடன் மறுபடி ஆராய்ந்தார்கள். அந்த ஏரி வற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்தே அப்பகுதியில் ஹரப்பா நாகரிகம் செழித்தது என்று தெரியவந்தது. செழிப்பு வறண்ட காலத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. பிறகு 2014-ல் ஹரியானாவின் கோட்லா தாஹர் பழைய ஏரியில், நத்தை ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு யமா தீட்சித் முதலியோர் சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை திடீரென்று தளர்ந்ததைக் கண்டார்கள். ஆக, விவாதம் புதிய தளத்தில் தொடர்கிறது.

மூன்று ஆய்வுகளும் சேர்ந்து கற்பிப்பது இது: தாவர மாற்றம் நிகழ்ந்தது என்று மகரந்தம் உறுதியாகச் சொல்லும், எப்போது என்று சொல்லத் தனியான காலக் கணிப்பு வேண்டும், ஏன் என்று சொல்ல மகரந்தத்தோடு தொடர்பில்லாத வேறொரு சான்றும் வேண்டும்.

சாண்டிநல்லா சொல்வது

இந்த மூன்று நிபந்தனையையும் வைத்துக்கொண்டு நீலகிரிக்குத் திரும்புவோம்.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஜி. வசந்தி, சாண்டிநல்லா படிவின் மகரந்தத்தை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார். ரேடியோகார்பன் முறையில் 30,000 ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தைத் தொடும் அந்தப் படிவில் புல்வெளி பழங்காலம் முதலே இருந்துவருகிறது. சோலை மரங்களின் பங்கு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. புல் ஒருபோதும் மறைந்துபோகவில்லை.

லாரேசி பற்றிச் சொன்ன ஐயம் இங்கே எழும். மரம் குறைவாகத் தெரிவது படிவின் குறையாக இருக்கக்கூடாதா? அதற்குத்தான் இரண்டாவது சான்று. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மகரந்தத்தைத் தொடவில்லை. பீட் மண்ணின் கார்பனையே அளந்தது. மரங்களும் பெரும்பாலான செடிகளும் C3 என்னும் முறையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் பல புற்கள் C4 முறையில் செய்கின்றன. இரு வகையிலும் கார்பன்-13 ஐசோடோப்பின் விகிதம் தெளிவாக வேறுபடும். செடி மக்கிய பின்னும் அது மண்ணில் நிலைக்கும். எல்லாப் புல் மகரந்தமும் ஒன்றுபோல் இருப்பதால் நுண்ணோக்கி பிரித்துக் காட்ட முடியாத வேறுபாட்டை இந்த அளவீடு காட்டிவிடுகிறது.

கிடைத்த வரலாறு இது. கடந்த பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், பருவமழை நலிந்து C4 புற்கள் மேலோங்கின. பனியுகம் விலக விலக ஈரம் கூடி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் C3 தாவரங்கள் உச்சத்தை எட்டின. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மறுபடி ஒரு நீண்ட வறண்ட கட்டம் வந்தது. 1997-ல் இந்த வரலாற்றை 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நீட்டினார்கள். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியின் பீட் படிவில் ரத்னசிறி பிரேமதிலகவும் யான் ரிஸ்பெரியும் 2003-ல் வெளியிட்ட 24,000 ஆண்டு வரலாறும் பனியுக உச்சத்தில் வறட்சியையே காட்டுகிறது. கடல் கடந்த இரு மலைகளும் ஒரே பருவமழையின் கீழ் இருப்பதால் இந்த ஒற்றுமைக்கு எடை அதிகம்.

ஒரு எச்சரிக்கை அவசியம். பனியுக உச்சத்தில் காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 190 பங்குதான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. குறைந்த கார்பன் டைஆக்சைடு தானே C4 புல்லுக்குச் சாதகம். ஆகவே அன்றைய புல்லின் பெருக்கம் முழுவதையும் மழைக்குறைவின் கணக்கில் எழுத முடியாது. மலை முழுவதும் ஒரே சீராக மாறவுமில்லை. லாரன் கானேர் குழுவினர் 2007-ல் மண்ணின் கார்பனை ஆராய்ந்து, தென்மேற்கு மழை கொட்டும் மேற்குப் பகுதியும் வறண்ட மத்திய, கிழக்குப் பகுதிகளும் வெவ்வேறு விதமாக மாறியதைக் காட்டினார்கள்.

இத்தனை நிபந்தனைகளுக்குப் பின்னும் ஒரு முடிவு அசையாமல் நிற்கிறது. நீலகிரி மேட்டுநிலத்தில் தோடர்களும் அவர்களுக்கு முன்னோரும் குடியேறியதாக நமக்குத் தெரிந்த எந்தக் காலத்தைவிடவும் புல்வெளி பல்லாயிரம் ஆண்டு பழையது. எருமை மேய்ச்சலும் நெருப்பும் அதன் எல்லைகளை இங்கும் அங்கும் நகர்த்தியிருக்கலாம். அதை உருவாக்கியவை அவை அல்ல. இன்றைய கள ஆய்வும் இதற்கு ஒத்தே வருகிறது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலியோர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளியில் சோலை மரக்கன்றுகள் தழைக்க விடாமல் உறைபனி தடுப்பது உறுதியானது. ரங்கநாதனின் கருத்துக்குத்தான் சான்றுகள் சாய்கின்றன.

மேல் அடுக்கின் செய்தி

சதுப்பின் மேல் அடுக்கில் இருப்பது நம் காலம். கற்பூர மரம் என்று நீலகிரி மக்கள் சொல்லும் யூகலிப்டஸும், ஆஸ்திரேலியச் சீகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இம்மலைக்கு வந்தவை. அவற்றின் மகரந்தம் தென்படும் அடுக்கு அதற்குப் பிற்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். முதலில் விறகுக்காக நட்டார்கள். விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் கூழுக்காகவும் புல்வெளிகளைத் ‘தரிசு’ என்று கணக்கெழுதிப் பரந்த அளவில் நட்டார்கள். சோலைக் கன்றைத் தடுக்கும் உறைபனியைச் சீகை தாங்கிக்கொள்கிறது. நட்ட இடத்தோடு நிற்காமல் தானே பரவுகிறது.

விளைவு பெரியது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அரசுமணி முதலியோர் 2018-ல் காட்டினார்கள். வரையாடும், நீலகிரி நெட்டைக்காலியும், குறிஞ்சியும் இந்தத் திறந்த நிலத்துக்கே உரியவை. அண்மையில் காடழித்து வந்த நிலத்தில் இத்தனை தனித்த உயிரினங்கள் உருவாகியிருக்க வாய்ப்பில்லை. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்கு விடும் வேலையையும் புல்லும் சதுப்பும் சேர்ந்தே செய்கின்றன.

1988-லிருந்தே கையில் இருந்த சான்று நிலக் கொள்கைக்குள் வர மிக நீண்ட காலம் பிடித்தது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது வரவேற்க வேண்டிய படி. அந்தக் கொள்கையில் சதுப்புகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். காய்கறித் தோட்டத்துக்காக வடிகால் வெட்டிய சதுப்பில் காற்று புகும். பல்லாயிரம் ஆண்டு தாங்கிய மகரந்தம் சில ஆண்டுகளில் அழியும். ஒருமுறை அழிந்த படிவை எந்தச் செலவிலும் மறுபடி உண்டாக்க முடியாது.

மரம் நடுவதை நன்மையின் மறுபெயராகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நட வேண்டிய இடங்கள் ஏராளம் உண்டு. நீலகிரியின், பழனியின் உயர்ந்த புல்வெளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த முறை மலைச்சரிவில் கன்று நட அழைப்பு வந்தால், அந்த இடத்தில் முன்பு என்ன வளர்ந்தது என்று முதலில் கேளுங்கள். வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் அதற்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும்.